சிவப்புக் கோட்டுக்குக் கீழே

நான் ஸ்டோர் கீப்பர். ஒரு பெரிய அலுவலகத்தின் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை ஒன்றில், பேனா, காகிதம், பசை, பல்பு, துடைப்பம் எல்லாவற்றுக்கும் இருபத்திரண்டு வருஷமாக நான்தான் ராஜா. பிரஜைகள் கவுண்டருக்கு வெளியே நிற்பார்கள். நான் உள்ளே நின்றுகொண்டு "இல்லை" என்பேன். அதற்குத்தான் சம்பளம்.

பொய் சொல்லிப் பிழைக்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு அலமாரித் தட்டின் ஓரத்திலும் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். சாமான் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் மிச்சமிருப்பது அவசரக் கையிருப்பு. கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும், ஆனால் யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மற்ற ஸ்டோர் கீப்பர்கள் அந்தக் கோட்டைத் தட்டிலிருந்து நாலு விரல் உயரத்தில் போடுவார்கள். நான் முக்கால் உயரத்தில் போட்டிருந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கோட்டை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். சுவரில் பெயின்ட் அடிக்கவில்லை, என் மண்டைக்குள் அடித்துக்கொண்டேன். சோப்பு மூன்றுக்குக் கீழே போனால் சோப்பு இல்லை. ஒருமுறை குளியலறை பல்பு போய்விட்டது. பரணில் இரண்டு பல்பு இருந்தன, ஆனால் அவை கோட்டுக்குக் கீழே. நாலு நாள் என் மனைவி டார்ச்சைப் பக்கெட் மேல் சாய்த்து வைத்துவிட்டுக் குளித்தாள். ஐந்தாம் நாள் ஸ்டூல் போட்டு ஏறி, பல்பை எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்னங்க?"

"அது அவசரத்துக்கு."

"நான் இருட்டுல வழுக்கி விழுந்து மண்டைய உடைச்சுக்கணும், அதுக்கப்புறம்தான் அவசரமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு அன்று பல்பு ஒன்று குறைந்துவிட்டதே என்றுதான் வருத்தமாக இருந்தது.

இப்படிப்பட்ட என்னை அலுவலகம் ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பியது. தலைப்பு, தினசரி வாழ்க்கையில் நிறைவு மனம். பாடம் நடத்த வந்த அம்மாள் முதல் வேலையாக எல்லோருக்கும் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வேண்டும் என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பழக்கதோஷத்தில் "இல்லை" என்றேன். ஆகவே நாங்கள் நாற்பது பேரும் நிறைவைப் பற்றிப் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் எழுதினோம்.

அந்த அம்மாள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சிலருக்கு எவ்வளவு இருந்தாலும் உள்ளே ஒரு பஞ்சம் உட்கார்ந்திருக்கும், அது போக வேண்டுமென்றால் தினமும் தன்னிடம் தாராளமாக இருக்கிற மூன்று விஷயங்களை எழுதிப் பார்க்க வேண்டும் என்றார். எழுதுவதா? பதிவேடு என்றால் எனக்கு உயிர். அன்று மாலையே வீட்டில் உட்கார்ந்து கட்டம் போட்டு ஆரம்பித்தேன். காற்று, போதுமான அளவு. தண்ணீர், காலையில் மட்டும். மனைவியின் பேச்சு, தேவைக்கு மேல்.

மூன்றாவதை மனைவி படித்துவிட்டாள்.

"ஓஹோ! அப்படியா? இனிமே அதுவும் ஸ்டாக் இல்ல," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் வீட்டில் குக்கர் விசில் சத்தம் மட்டும்தான் கேட்டது. மூன்றாம் நாள் வாயைத் திறந்தபோது நேராக ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க பொண்ணு உங்ககிட்ட கடைசியா எப்ப, என்ன கேட்டா? அதை எழுதுங்க பாப்போம் உங்க கட்டத்துல."

எங்களுக்கு ஒரே பெண். வேலை கிடைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு ஊருக்குப் போகிறாள். நான் யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவள் எதையும் கேட்காத நல்ல பிள்ளை என்றுதான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

"அஞ்சாங் கிளாஸ்ல ஜியாமெட்ரி பாக்ஸ் கேட்டா," என்றாள் மனைவி. "நீங்க இல்லைன்னீங்க. பழசையே நூல் போட்டுக் கட்டி எடுத்துட்டுப் போனா. பத்தாங் கிளாஸ் லீவுல பரணைச் சுத்தம் பண்ணச் சொன்னேன். பிரிக்காத பாக்ஸ் ஒண்ணு கையில கிடைச்சுது. வாங்கின தேதிய நீங்கதான் மேல எழுதி ஒட்டி வச்சிருக்கீங்களே, அவ கேட்டதுக்கு முந்தின மாசம்! அதையே பாத்துட்டு இருந்தா. அப்புறம் எடுத்த இடத்துலயே வச்சுட்டு இறங்கிட்டா."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்லி?"

மகள் என்னைத் திட்டியிருக்கலாம், அந்தப் பெட்டியைத் தூக்கி என் மேல் எறிந்திருக்கலாம். எடுத்த இடத்திலேயே வைத்தாள் என்பதுதான் தாங்கவில்லை. அவள் ஊருக்குப் போவதற்குள் என்னிடம் ஒரே ஒரு பொருளாவது கேட்க வேண்டும், நான் அதைக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இல்லாவிட்டால் அவள் இந்த வீட்டிலிருந்து வெறுங்கையோடு போன மாதிரிதான். பயிற்சி, பதிவேடு எல்லாம் அன்றோடு போயிற்று.

பரணில் ஏறினேன். எட்டுப் புதுத் துண்டுகளை இறக்கினேன். மடித்த இடமெல்லாம் பழுப்பேறி, ஒன்றில் பூச்சி ஓட்டை போட்டிருந்தது. பேட்டரிகள் கசிந்து உறைந்திருந்தன. பசை கல்லாகியிருந்தது. பேனாக்களில் ஒன்றுகூட எழுதவில்லை. பதினைந்து வருஷமாக நான் காவல் காத்த சொத்து இது. தேறியதை அள்ளிக்கொண்டு மகளின் அறைக்குப் போனேன்.

"ஏதாவது வேணுமாம்மா?"

"இருக்குப்பா."

"துண்டு?"

"இருக்குப்பா."

"வேற ஏதாவது?"

"எல்லாம் இருக்குப்பா."

காலையில் ஒரு தடவை, மாலையில் இரண்டு தடவை என்று வைத்தியர் மாதிரி போய் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் இருக்கு, இருக்கு. அவள் அறையைப் பார்த்தால் ஒரு பெட்டியும் நாலு சட்டையும்தான் இருந்தன. நாலாம் நாள் அவள் அம்மாவிடம் தணிந்த குரலில், "அப்பாவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? டாக்டர் எதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. ஒரு துண்டு கொடுக்க வந்ததற்கு எனக்குச் சாவு நெருங்கிவிட்டது என்று நினைக்கிறாள் பெற்ற பெண்.

வியாழக்கிழமை காலை நான் அவசர அவசரமாக ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். மகள் வந்து கதவோரம் நின்றாள்.

"அப்பா, உங்களுக்கு ஒரு ரெண்டு நாள் லீவு கிடைக்குமா? அங்க ரூம்ல கட்டில், மேஜை எல்லாம் மாட்டணும். நீங்க கூட வந்தா..."

"லீவு இல்லைம்மா."

"சரிப்பா, பரவாயில்ல."

ஷூ கயிற்றைக் கட்டினேன். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார இடம்கூடக் கிடைத்தது. ஸ்டோரைத் திறந்து, முதலில் வந்தவர் ஸ்டேப்ளர் கேட்க வாயைத் திறப்பதற்குள் "இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் எனக்கு உறைத்தது. அவர் இன்னும் ஒன்றுமே கேட்கவில்லை. காலையில் மகளும் முழுசாகக் கேட்டு முடிக்கவில்லை.

பத்து வருஷத்துக்கு மேலாக ஒன்றும் கேட்காத பெண் வாய்விட்டுக் கேட்டாள். அதற்காகத்தான் நாலு நாளாக வாசலில் தவம் கிடந்தேன். வந்த வரத்தை ஷூ மாட்டிக்கொண்டே திருப்பி அனுப்பிவிட்டேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. எதிரே ஆள் நின்றதால் என்ன வேண்டும் என்று கேட்டு, ஸ்டேப்ளரை எடுத்துக் கொடுத்தேன். அவர் நம்பாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

விடுப்புப் பிரிவு மாடியில். அங்கிருந்த கிளார்க் என் கோப்பைப் புரட்டினார்.

"உங்களுக்கு இருநூத்திப் பதினாலு நாள் இருக்கு சார். எதுக்கு இப்படிச் சேத்து வைக்கிறீங்க?"

"அவசரத்துக்கு."

"எத்தனை நாள் போடறீங்க? அரை நாளா?"

"பத்து."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "சார், வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?" என்றார்.

கையெழுத்தான விடுப்புச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். மகள் தரையில் உட்கார்ந்து புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டே, "நான் வர்றேம்மா," என்றேன்.

"பரவாயில்லப்பா. மாமாகிட்ட சொல்லிட்டேன். அவர் வரேன்னுட்டாரு."

மாமா என்றால் என் மனைவியின் அண்ணன். ஸ்குரூ டிரைவரைப் பிடிக்கத் தெரிந்தவர். யாராவது கூப்பிட்டால் முதலில் கிளம்பிவிட்டு, பிறகுதான் எங்கே என்று கேட்பார். அவர் மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி முடியாது.

"மாமாவும் வரட்டும். நானும் வர்றேன்."

"எதுக்குப்பா ரெண்டு பேரு? ஒருத்தர் போதும். உங்க லீவு எதுக்கு வீணாகணும்? வேற எதுக்காவது ஆகும்."

குரல்தான் அவளுடையது. பேச்சு முழுக்க என்னுடையது. நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

"காலைல கேட்டியே, அதை மறுபடி கேளு."

"என்னப்பா இது, சின்னப் பிள்ளை மாதிரி."

"காலைல என் வாய் தானா இல்லைன்னுடுச்சும்மா. நான் சொல்லல. அது அதுவா சொல்லுது. எனக்கே கேவலமா இருக்கு. ஒரே ஒரு தடவை கேளு."

என் கண் கலங்கிவிட்டது. அவள் பார்த்துவிட்டாள். கையிலிருந்த புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்தாள், சரியாக இருக்கிறதா என்று ஓரத்தைத் தட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒரு நாள் மட்டும் வர முடியுமாப்பா?"

காலையில் இரண்டு நாள் கேட்டவள். கவுண்டரில் இதை நான் தினமும் பார்க்கிறேன். கெட்டிக்காரர்கள் தேவைக்கு இரண்டு மடங்கு கேட்பார்கள். சாதுக்கள், ஒரு தடவை இல்லை என்ற பதிலைக் கேட்டுவிட்டால், அடுத்த தடவை தாங்களாகவே பாதியாக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும், தொந்தரவு இல்லாதவர்கள் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அப்படி ஒருத்தியை வீட்டிலேயே வளர்த்துவிட்டேன் என்று இப்போதுதான் தெரிந்தது.

வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று எனக்கே பயமாக இருந்தது. பேசாமல் சீட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் படித்தாள்.

"பத்து நாளா?"

"ஆமா."

"பத்து நாளா!" அவள் முகத்தில் நிஜமான கலவரம். "அங்க என்னப்பா பண்ணுவீங்க? அது ஒரே ரூம். கட்டிலும் ஒண்ணுதான்."

"ஓரமா உக்காந்துட்டு இருக்கேன்."

"பத்து நாளும் ஓரமாவா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புறங்கையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தரையில் விரலால் ஏதோ கணக்குப் போட்டாள்.

"மூணு நாள் இருங்கப்பா. கட்டிலை மாமா மாட்டட்டும். முதல் நாள் நான் வேலைக்குப் போயிட்டுத் திரும்பி வரப்போ, நீங்க ரூம்ல இருங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் இல்லை என்ற பதிலைக் கேட்டுவிட்டுப் போன எவரும், அடுத்த தடவை கூடுதலாகக் கேட்டதில்லை. சரி என்று சொன்னேன். வாய் சரியாகத்தான் சொன்னதா என்று சந்தேகம், அதனால் இன்னொரு தடவை சொன்னேன்.