ஓட்மாரின் கடைசிக் கணக்கு

எங்கள் இயற்பியல் துறையில் ஓட்மாரும் ஹென்ரிக்கேயும் ஒரே அறையில் உட்கார்ந்து பல வருடமாக ஒரே கணக்கைப் போட்டார்கள். பி மீசான் என்ற துகள் கண்மூடித் திறப்பதற்குள் தன் எதிர்த்துகளாக மாறும், மறுபடி பழையபடி ஆகும். அந்த மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்று கணக்கிடுவதுதான் அவர்கள் வேலை. அவர்களுக்குக் கிடைத்த விடை, ஆய்வுக்கூடங்களில் அளந்த வேகத்தோடு ஒட்டவில்லை. இதுவரை யாரும் காணாத விசை ஒன்று உள்ளே இருக்கலாம் என்று கட்டுரை எழுதினார்கள். எந்த மாநாட்டுக்குப் போனாலும் அதே பேச்சு. ஜப்பானிலிருந்து ஓட்மாருக்கு அழைப்பு வந்தது. அவரால் போக முடியவில்லை. அதற்குள் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது.

இலையுதிர்காலத்தில், இனி மருந்தில்லை என்றானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்துக்கு அவரை மாற்றினார்கள். அதே சமயம், வெளியையும் காலத்தையும் வலைபோலக் கட்டம் கட்டிக் கணினியில் ஓட்டிப்பார்க்கும் வேறொரு குழு தன் விடையை வெளியிட்டது. அது அளந்த வேகத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது.

ஹென்ரிக்கே தங்கள் கணக்கை முதலிலிருந்து போட்டாள். இந்த முறையில் இடையில் சில கணித உறுப்புகள் முளைக்கும். முடிவில் மறைந்துவிடும், ஆனால் சிறு எச்சம் தங்கும். அந்த எச்சத்தை முதல் பாதியில் ஒரு விதமாகவும் பின்பாதியில் வேறு விதமாகவும் கையாண்டிருந்தார்கள். பின்பாதி ஓட்மார் செய்தது. அதைச் சரிசெய்ததும் புதிய விசை இல்லாமல் போனது.

"அவன்கிட்ட சொல்லாத. நிம்மதியா போகட்டும்," என்றேன் நான்.

"திருத்தம் வெளியிடணுமே. அவனக் கேக்காம அவன் பேரப் போடவா? அவன் செத்த பிறகு போடவா?"

மறுநாள் நாங்கள் இருவரும் போனோம். ஓட்மார் அவளைப் பார்த்ததும், "என்ன மூஞ்சி இது? சாகப்போறது நான்தானே," என்றார்.

அவள் சொல்லிவிட்டாள்.

"வலைக்காரனுங்க சொன்னா நம்பிடுவியா?"

"அவங்களுக்காக இல்ல. நானே போட்டுப் பாத்தேன்."

"காகிதத்தக் குடு."

அன்றே வலிக்குக் கொடுத்த மார்ஃபினைக் குறைக்கச் சொன்னார். தலை தெளிவாக இருக்க வேண்டுமாம். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பின்பாதி முழுவதையும் மறுபடி போட்டார். மனைவி வீப்கே கெஞ்சிப் பார்த்தாள். ஆஸ்லோவிலிருந்து மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கொஞ்சம் இரும்மா," என்றார், காகிதத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

முடித்ததும் ஹென்ரிக்கேயை அழைத்தார். "நீ சொன்னதுதான் சரி. தப்பு என்னோடது. திருத்தத்துல என் பேர முதல்ல போடு." பிறகு மருந்து கேட்டார். தூங்கினார். அதற்கப்புறம் அவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் காப்பி குடிக்க நகர்ந்தபோது, வீப்கே ஹென்ரிக்கேயை வாசலில் நிறுத்தினாள்.

"பொண்ணோட ஒரு வார்த்த பேசல அவரு. புத்தி தெளிவா இருந்த கடைசி நேரத்தையும் நீ எடுத்துக்கிட்ட. உள்ள வராத."

ஹென்ரிக்கே மழையில் இறங்கிப் போனாள்.

திருத்தம் வெளியானது. அதற்குள் எல்லோரும் வேறு புதிருக்குப் போய்விட்டிருந்தார்கள். குளிர்காலத்தில் ஒருநாள், உணவகத்தில் எதிரே உட்கார்ந்திருந்த ஹென்ரிக்கேயிடம் கேட்டேன்: "இப்பவும் சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருப்பேன்," என்றாள். "ஆனா பொண்ணு வந்து போற வரைக்கும் காத்திருந்திருக்கலாம். எனக்கு அது தோணவே இல்ல."