தண்டோரா போட்டாச்சு

"இது உன் கையெழுத்தா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"நான் மோளத்தத் தொட்டு நாலு வருசம் ஆவுது, உனக்குத் தெரியாதா..."

"மோளத்தக் கேக்கல..."

"ஊரே பாத்துச்சே, அந்த வெள்ளக்காரம்மா கையில..."

"மோளத்தக் கேக்கலய்யா. கையெழுத்தக் கேக்கறேன்."

"அத்தினி பேர் முன்னால குடுத்தேனே! இனிமே தண்டோரா போடமாட்டேன்னு சொன்னேனே! அப்பறம் ஒரு நாள் அடிச்சேனா? ஒரு சாவுக்கு அடிச்சேனா?"

"கத்தாத. பாரு."

செங்கம்மா போனை ரங்கன் மூக்குக்கு நேராக நீட்டினாள். காலையில் பஞ்சாயத்து ஆபீசில் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாக போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். திரையில் தெலுங்கில் தேதி. தேதிக்குப் பக்கத்தில், காலனியில் தண்டோரா போடப்பட்டது என்று ஒரு வரி. அதற்குக் கீழே, குழந்தை எழுதியது மாதிரி பெரிது பெரிதாக 'ரங்கன்'.

ரங்கன் பார்த்தான். போனைப் பார்த்தானா, அவள் கைவளையலைப் பார்த்தானா என்று தெரியவில்லை.

"செக்ரட்டரி ரமணா சார்தான் கூப்ட்டாரு."

"கூப்ட்டு?"

"நுவ்வு கொட்டக்கர்லேது, சந்தகம் பெட்டு சாலுன்னாரு. நீ அடிக்க வேணாம், கையெழுத்துப் போட்டா போதும்னு. ரூல்ல ஒரு பேர் வேணுமாம். அடிக்காத மனுசன அடின்னு சொல்லல பாரு, மரியாதியாத்தான் பேசனாரு."

"போட்டுட்ட."

"நாற்காலி போட்டாரு. உக்காருன்னாரு. எங்க நைனா அந்த ஆபீசு வாசப்படி கூட ஏறல. நான் உள்ள உக்காந்து, அவர் பேனாவ வாங்கி..."

"எத்தினி வாட்டி?"

"கூப்ட்டப்பல்லாம்."

"ஒம்போது வாட்டி. எண்ணிக்கினுதான் வந்தேன்."

அவளுக்கு அதற்குமேல் கோபம் வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு போய் அரிசி களைந்தாள்.

சித்தூரிலிருந்து பங்காருபாளையம் போகிற ரோட்டில் இறங்கி, மாந்தோப்புகளுக்கு நடுவே இரண்டு மைல் நடந்தால் அந்தக் காலனி. முப்பத்தெட்டு வீடு. வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு. காலனிக்குப் பின்னால் குட்டை, குட்டைக்கு அந்தப் பக்கம் சுடுகாடு. நடுவில் கிடக்கிற பஞ்சாயத்து நிலத்தில் ஒரு தடம், பாடையோடு நாலு பேர் போகிற அகலம். போன மாசம் நடந்த கிராம சபையில் அந்த நிலத்தை ஒரு மாங்காய் மண்டிக்காரருக்கு ஷெட் போட விடுவதென்று தீர்மானம் ஆகிவிட்டது. 'யாருக்கும் ஆட்சேபணை இல்லை.' காலனியில் சபை நடந்ததே யாருக்கும் தெரியாது. கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர்களுடைய பெரிய மகள் அந்தச் சுடுகாட்டில் இருக்கிறாள். பன்னிரண்டு வயசு, மஞ்சள் காமாலை. வருசா வருசம் ஆடியில் போய்ப் புல்லைப் பிடுங்கிவிட்டு ஒரு பொரி உருண்டை வைத்துவிட்டு வருவார்கள்.

ஆட்சேபணை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சித்தூர் ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றைக்குப் புதன்.

"இத்தினி நாள் ஜனங்க சபைக்கு வந்தாங்களே. அப்ப எப்படி வந்தாங்களாம்?" என்றான் ரங்கன், சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே. "நான் கையெழுத்து போட்டும் வந்தாங்க இல்ல?"

"என் குரல கேட்டு வந்தாங்க."

அது உண்மைதான். திருப்பதியில் ஒரு டிரஸ்ட் இருந்தது. வெளிநாட்டில் ஏதோ ஒரு நிறுவனம் அதற்கு உதவி செய்தது. ஐந்து வருசம், ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூல் வராந்தாவில் கிளாஸ். ஓட்டு என்றால் என்ன, சபையில் எழுந்து நின்று எப்படிப் பேசுவது, தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படிப்பது எப்படி, மனுவில் முதல் வரி என்ன, இரண்டாவது வரி என்ன. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த ரங்கன் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

தண்டோரா நின்ற பிறகு டிரஸ்ட்தான் ஒரு வழி செய்தது. சபைத் தேதியை செக்ரட்டரியிடம் அவர்களே கேட்டுக்கொள்வார்கள். செங்கம்மாவுக்குப் போன் போட்டு, "அக்கா, இந்தத் தேதி, பேசுங்க" என்பார்கள். அவள் பேசுவதை ஒரு போன் கம்பெனி பதிவு செய்துகொள்ளும். மறுநாள் காலை ஆறு மணிக்கு காலனியில் எல்லாப் போனும் ஒன்றாக அடிக்கும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவள் குரல் வரும். 'நான் செங்கம்மா பேசறேன். நாளைக்குப் பத்து மணிக்கு கிராம சபை. சோறு ஆக்கி வெச்சுட்டு எல்லாரும் வந்துடுங்க.' பல் தேய்க்கிற பெண்கள் அவளைப் பார்த்து, "இன்னாடி, வீட்டுக்கு வீடு நீயே கீற" என்று சிரிப்பார்கள்.

பிப்ரவரியில் வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. அவர்களுடைய முன்னுரிமைகள் மாறிவிட்டன, மார்ச்சோடு உதவி முடிகிறது, இத்தனை நாள் பணிக்கு நன்றி. கிளாஸ் நின்றது செங்கம்மாவுக்குத் தெரியும். கிளாஸோடு அவள் குரலும் நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை. பேசச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, அதனால் சபை இல்லை என்று இருந்துவிட்டாள். காலனியும் அப்படியே இருந்துவிட்டது.

மறுநாள் காலை பஸ் பிடித்தாள்.

டிரஸ்ட் ஆபீஸ் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இரண்டாவது மாடியில். கதவு திறந்தே இருந்தது. உள்ளே மேஜை இல்லை. சிவசங்கரி, ஐந்து வருசமாக காலனிக்கு வந்து கிளாஸ் எடுத்தவள், தரையில் உட்கார்ந்து மடியில் லேப்டாப் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. நாற்காலியெல்லாம் நேத்தே போயிடுச்சு. அந்த அட்டப் பெட்டி மேல உக்காருங்க. புஸ்தகம்தான், தாங்கும்."

"நம்ம பாடப் புஸ்தகமா மேடம்?"

"மிச்சம். பேப்பர்காரன் மத்தியானம் வரேன்னான்."

செங்கம்மா உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கிளாஸில் கற்றுக்கொடுத்த மாதிரியே முதலில் நடந்தது, பிறகு தேதி, பிறகு கேட்பது.

"நீங்க ஒரே ஒரு லெட்டர் குடுத்தா போதும். நாலு வருசமா போன்லதான் சேதி சொன்னோம், அங்க தண்டோராவே கெடையாதுன்னு. நான் பேசனது, எத்தினி பேருக்குப் போச்சுன்னு லிஸ்ட் இருக்கும் இல்ல, அதயும் குடுங்க. சேதியே சொல்லாத சபை செல்லாது. நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா, செல்லாது."

"நாளிக்குள்ள குடுக்கணும்."

சிவசங்கரி லேப்டாப்பை மூடவில்லை.

"லெட்டர் தர முடியாதுக்கா. மார்ச்சுக்கு அப்புறம் டிரஸ்ட் பேர்ல ஒரு காகிதம் வெளிய போகக்கூடாது. அப்படித்தான் ஒப்பந்தம்."

"லிஸ்ட்டு?"

"அந்த போன் கம்பெனி கணக்க மூடியாச்சு. அதுக்குள்ள இருந்ததெல்லாம் அதோட போச்சு."

"நீங்க மனுசியா வந்து சொல்லலாம் இல்ல? டிரஸ்ட்டா வர வேணாம். சிவசங்கரியா வாங்க."

"வெளிநாட்டு உதவி வாங்கற லைசென்ஸ் புதுப்பிக்கப் போட்டிருக்கோம். அது வந்தாத்தான் வேற யார்கிட்டயாவது கேக்க முடியும். இப்பப் போய் பஞ்சாயத்து மேல புகார் சொன்னேன்னா..." அவள் முடிக்கவில்லை. "எனக்கும் போன மாசத்தோட சம்பளம் நின்னுபோச்சுக்கா. முடிவறிக்க ஒண்ணு பாக்கி. அத சும்மாதான் எழுதிக்கிட்டு இருக்கேன்."

"புகார் எழுதக் கத்துக் குடுத்ததே நீங்கதான்."

"அது ஜனங்க எழுதறதுக்கு."

கீழே ரேணிகுண்டா, ரேணிகுண்டா என்று ஆட்டோக்காரன் கூவிக்கொண்டிருந்தான். லேப்டாப்பில், அந்த அறிக்கையில் ஒரு போட்டோ தெரிந்தது. ரங்கன், வெள்ளைச் சட்டை, கையில் மோளம், எதிரே கைநீட்டிக்கொண்டு, உதவி செய்த நிறுவனத்திலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண்மணி.

"அடியில இன்னா எழுதிகிது?"

சிவசங்கரி தமிழில் சொன்னாள். "இந்தக் கிராமத்தில் தண்டோரா போடும் கட்டாய வழக்கம் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒழிந்தது. இன்று மக்கள் தாங்களாகவே கிராம சபைக்கு வருகிறார்கள்."

"நாலு வருசமா தண்டோரா இல்லன்னு நீங்களே எழுதிகிறீங்க."

"ம்."

"இந்த ஒரு பக்கத்த குடுங்க மேடம். இதையே காட்டறேன்."

சிவசங்கரி திரையைப் பார்த்தாள். பல நாள் சரியாகத் தூங்காதவள் மாதிரி இருந்தாள்.

"இது வெளிநாட்டுக்காரங்க படிக்கறதுக்கு எழுதினதுக்கா. இங்க காட்டறதுக்கு இல்ல."

"சரி."

"ஒரு வழி இருக்கு. ரங்கன் அண்ணனே எழுதிக் குடுக்கலாம். நான் தண்டோரா போடல, கையெழுத்து மட்டும்தான் போட்டேன்னு. அதுக்கு மேல சாட்சி வேணாம். தீர்மானம் நிக்காது."

"எழுதனா அவருக்கு இன்னா ஆவும்?"

"செக்ரட்டரி மேல வரும். அண்ணன் மேலயும் வரும். ஒம்பது தடவ பொய்யா கையெழுத்துப் போட்டிருக்காரு இல்ல."

"உள்ள வெப்பாங்களா?"

"தெரியலக்கா. நிஜமாவே தெரியல."

செங்கம்மா எழுந்தாள். சிவசங்கரியும் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த மோளத்தைக் கழற்றினாள். அந்த வெள்ளைக்காரப் பெண்மணி அதை வாங்கி டிரஸ்ட்டுக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். நாலு வருசமாக அங்கேதான் தொங்கியது.

"இத எடுத்துட்டுப் போயிடுங்க. இல்லன்னா பேப்பர்காரன் தூக்கிட்டுப் போயிடுவான்."

செங்கம்மா வாங்கிக்கொண்டாள். தோல் இளகிப்போயிருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்குத் தோன்றவில்லை.

சித்தூர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மோளத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ஆதார் கார்டை நீட்டினாள். கண்டக்டர் பூஜ்ஜியம் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மோளத்தைப் பார்த்தான்.

"அம்மா, ஃப்ரீ லேடீஸுக்குத்தான். இது லேடீஸா?"

முன்சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஆமாய்யா," என்றாள் செங்கம்மா. "வாய் தெறக்காது."

அவனும் சிரித்துவிட்டுப் போய்விட்டான். பாகாலா வந்தது, போனது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எதைப் பார்த்தாள் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. ரங்கன் தோப்பில் மருந்தடித்துவிட்டு வந்து தொட்டிப் பக்கத்தில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். அவள் மோளத்தைக் கதவோரம் சாத்தி வைத்தாள். அவன் கழுவுவதை நிறுத்தினான்.

"இத எதுக்குத் தூக்கியாந்த?"

"அங்க ஆபீசக் காலி பண்றாங்க, ஆணி மொதக்கொண்டு."

"லெட்டரு?"

"குடுக்கல."

"லிஸ்ட்டு?"

"இல்லியாம்."

"இன்னாதான் சொன்னாங்க?"

"நீ எழுதிக் குடுத்தா போதுமாம். அடிக்கல, கையெழுத்து மட்டும் போட்டேன்னு."

தண்ணீர் அவன் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

"நான் வேணா ரமணா சார்கிட்ட சொல்லிப் பாக்கறேன். நல்ல மனுசன்தான்."

"போய்ச் சொல்லு. நாற்காலி போடுவாரு."

"கேஸ் போடுவாங்களா?"

"தெரியலன்னாங்க."

"தெரியலன்னா? அஞ்சு வருசம் கிளாஸ் எடுத்தாங்களே, இது தெரியாதா?"

"இந்தப் பாடம் எடுக்கல."

அவள் பையிலிருந்து நோட்டும் பேனாவும் எடுத்து வாசலில் உட்கார்ந்தாள். பஸ்ஸுக்காகச் சித்தூரில் நின்றபோதே மேலே மூன்று வரி எழுதிவிட்டாள். தேதி. யாருக்கு. எதைப் பற்றி. அதற்குக் கீழே நடந்ததை எழுத வேண்டும். குட்டைக்கு அந்தப் பக்கம் கம்பியில் யாரோ சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள், மாடு முட்டாமல் இருக்க. அது ஆடுவது இங்கிருந்தே தெரிந்தது.

ரங்கன் கையைத் துண்டில் துடைத்தான். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தான். மோளத்தைத் தாண்டி வந்து, அவளுக்கு எதிரே நின்றான்.

"நாளிக்குக் காலையில எத்தினி மணி பஸ்ஸு?" என்று கேட்டான்.

"எட்டு." அவள் பேனாவை மூடாமல் அவன் பக்கம் நீட்டினாள். "நாலாவது வரியில, 'என் புருசன் ரங்கன் பொய்யா கையெழுத்து போட்டாரு'ன்னு நான் எழுதட்டா, இல்ல 'போட்டேன்'னு நீ எழுதறியா?"