டிரஸ்ஸர் மகன் சொன்ன வைத்தியம்

சரளாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், பிறகு குரல் தாழும். அன்று காலை அவள் வேலை பார்க்கும் நூலகத்தில் வீரம்மா நீட்டிய கைப்பேசியைப் பார்த்ததும் இரண்டும் ஒன்றாக நடந்தன.

"இத பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்துக் குடும்மா. ஐஸ் பெட்டி மேல ஒட்டணும். இவருக்குக் கண்ணு சரியா தெரியல," என்றாள் வீரம்மா. அவள் கணவர் பத்துமலை வலது காலில் துணி சுற்றிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இன்சுலின் ஊசி கிட்னியைத் தின்றுவிடுமாம். இன்றே நிறுத்த வேண்டுமாம். வெண்டைக்காய் ஊறிய தண்ணீர் குடித்தால் இனிப்பு நீர் வியாதி ஓடியே போய்விடுமாம். ஒரே எஸ்டேட் தோட்டத்தில் முன்பு குடியிருந்த ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி அது. அனுப்பியவர் அந்தக் குழுவை நடத்தும் கனகராஜ்.

"ஊசிய நிறுத்திட்டீங்களாண்ணே?"

"போன மாசமே நிறுத்தியாச்சு. ஒடம்பு நல்லாதான் இருக்கு. கால்ல ஆணி ஏறுனதுகூட வலிக்கலன்னா பாத்துக்கயேன்," என்றார் பத்துமலை பெருமையாக.

பெருமையாம்! காலில் உணர்ச்சி செத்துக் கிடக்கிறது, மனுஷன் அதை வெண்டைக்காயின் மகிமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கனகராஜின் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருந்தவர். காய்ச்சலோ பிரசவமோ, தோட்டத்து லய வீடுகளில் இருந்த ஜனங்களுக்கு அவர்தான் டாக்டர். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. தோட்டத்தை விற்று அங்கே வீடுகள் கட்டிவிட்டார்கள். ஜனங்கள் மூலைக்கொருவராகச் சிதறிவிட்டார்கள். டிரஸ்ஸரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அந்த மரியாதை மட்டும் பரம்பரைச் சொத்து மாதிரி மகன் கைக்கு வந்துவிட்டது. மகனுக்கு ஜெலாப்பாங் ஊரில் டயர் கடை. டயர் விற்பது தப்பில்லை. டயரோடு நிறுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

சரளா கணினித் திரையைத் திருப்பிச் சுகாதார அமைச்சின் மலாய்ப் பக்கத்தைத் திறந்தாள். பத்துமலைக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. அவளே ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். டாக்டரைக் கேட்காமல் ஊசியை நிறுத்தக் கூடாது, காலில் புண் வந்தால் வலிக்காவிட்டாலும் உடனே காட்ட வேண்டும். எழுதிய நிபுணர்கள் யார், எந்த வருஷம் எழுதியது என்பதையும் தொட்டுக் காட்டினாள்.

"அது யாரோ எழுதுனதும்மா. கனகராஜ் நம்ம டிரஸ்ஸர் மகன்லா."

மேசையில் ஓங்கி அறையலாம் போலிருந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சரிண்ணே. நான் எந்தப் புத்தகத்தையும் யார் சொன்னது, எங்கேருந்து வந்ததுன்னு கேக்காம அலமாரியில வைக்க மாட்டேன். நம்ம ஆளுதானே, அவரையும் கேட்டுப் பாருங்க. இப்பவே."

பத்துமலை சிரித்துக்கொண்டே அழைத்தார். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்.

"தம்பி, அந்த வெண்டக்கா மருந்து யாரு சொன்னது?"

"எனக்கு வந்துச்சுண்ணே, அப்படியே தள்ளி விட்டுட்டேன். யாருன்னு தெரியாதுலா."

"நீயும் அதத்தான் குடிக்கிறியா?"

"நான் எங்க குடிக்க? எனக்கு டாக்டரு ரெண்டு வேள ஊசி எழுதியிருக்காரு. அத விட்டா ஆளே காலி!"

பத்துமலை அழைப்பைத் துண்டித்தார். வீரம்மா கைப்பேசியைப் பார்த்து, சரளா அதுவரை கேட்டிராத ஒரு வசவைச் சொன்னாள்.

சரளா கிளினிக்குக்குப் போன் போட்டாள். "உடனே வரச் சொல்றாங்க. ஊசி எவ்வளவுன்னு அவங்கதான் சொல்லணும், நீங்களா போட்டுக்காதீங்க. எத்தன நாளா விட்டீங்கன்னு மறைக்காம சொல்லுங்கண்ணே."

பத்துமலை தலையாட்டினார். கிளம்பும் முன் கைப்பேசியை வாயருகே வைத்துக் குழுவில் பேசினார். "நான் பத்துமலை பேசறேன். கனகராஜ் பேச்ச நம்பி ஊசிய நிறுத்துனேன், இப்ப கால் போகுமான்னு தெரியல. அவன் ரெண்டு வேள ஊசி போட்டுக்கிட்டு நம்மள வெண்டக்கா தண்ணி குடிக்கச் சொல்றான். யாரும் கேக்காதீங்க!"

அவர் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் கனகராஜ் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டான். விளக்கமில்லை, மன்னிப்புமில்லை. துடைத்துப் போட்டுவிட்டான்.

டாக்சி வந்து நின்றபோது கைப்பேசி அடித்தது. தாப்பா ஊரிலிருந்து செல்லாயி, தோட்டத்தில் அவர்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தவள். ஒரு கணம் கேட்டுவிட்டுப் பத்துமலை கைப்பேசியைச் சரளாவிடம் நீட்டினார். கை மாறியது தெரியாமல் செல்லாயி பேசிக்கொண்டே போனாள்.

"அண்ணே, குழுவுல நீங்க பேசுனதக் கேட்டேன். நானும் ஊசிய நிறுத்திட்டேனே. எம்மவளுக்கும் நிறுத்திட்டேன், அவ ஏழு மாசப் புள்ளத்தாச்சி. காலையிலேருந்து எழுந்திரிக்க மாட்டேங்குறாண்ணே..."