பதினேழாம் தேதி மழை

ஊரின் நூறு வருடப் புயல், வெள்ளம், வறட்சி எல்லாவற்றையும் தொகுத்து நகராட்சி ஒரு மலர் போடப்போகிறது, வேலை உனக்குத்தான் என்று ஆணையர் சொன்னபோது, மலர்க் குழுவுக்குத் தலைவர் யார் என்று நான் கேட்கவில்லை. இந்த ஊரில் எதற்குத் தலைவர் என்றாலும் அவர்தான், அணையின் பழைய இன்ஜினியர். எண்பது வயதிலும் முதுகு வளையாத மனிதர். யார் முன்னாலும் வளைக்க வேண்டிய தேவை அவருக்கு வந்ததே இல்லை.

ஆவணக் காப்பறை எழுத்தரான என்னைச் சிபாரிசு செய்தவரே அவர்தானாம். அப்பன் செய்த பாவத்துக்கு மகள் என்ன செய்வாள், பாவம், என்றாராம். அந்தப் பெருந்தன்மையைக் கேட்டுக்கொண்டே வேலையை ஒப்புக்கொண்டேன்.

என் அப்பா மழைமானி பார்த்தவர். தினமும் காலை எட்டரை மணிக்கு மேட்டுக் கொட்டகைக்குப் போய், கண்ணாடிக் குடுவையில் மழையை அளந்து பதிவேட்டில் எழுதுவார். முப்பத்தொரு வருடங்களுக்கு முன் ஒரு பதினேழாம் தேதி, மதியம் பிடித்த மழை நள்ளிரவு வரை விடவில்லை. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர். சாயங்காலத்திலிருந்து அப்பா நான்கு முறை அணைக்குப் போன் செய்து, தண்ணீரை இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள் என்று சொன்னார். ஒவ்வொரு முறையும் நேரத்தைப் பதிவேட்டில் குறித்து வைத்தார். இன்ஜினியர் வீட்டில் அன்று விருந்து. கடைசியில் அணை தாங்காது என்றானபோது எல்லா மதகுகளையும் ஒரே மூச்சில் திறந்தார். தாழ்வான நான்கு தெருக்களில் இருபத்தாறு பேர் போனார்கள்.

விசாரணையில் அவர், எனக்குப் போனே வரவில்லை, பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், எழுதி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான் என்றார். முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியது நீதானே என்று அப்பாவைக் கேட்டார்கள். ஆமாம், நான்தான் என்றார். பதிவேட்டை அவர் கண்ணில் யாரும் காட்டவில்லை. வேலை போனது. ஊர் அவருக்கு மழைமுழுங்கி என்று பெயர் வைத்தது. தையல்காரியான அம்மாவிடம் அந்த நான்கு தெருக்களிலிருந்து ஒரு பாவாடைத் துணி கூட வராமல் நின்றது. ஆறு வருடத்தில் அப்பா செத்தார். வெள்ளத்தில் போனவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் அம்மா இருபத்தேழு என்பாள்.

மலர் வேலையில் இறங்கினேன். ஆலங்கட்டி விழுந்து ஒரு ஓடு மிஞ்சாத வருடம், ரயில் நிலையத் தண்ணீர்த் தொட்டியைக் காற்று தூக்கித் தண்டவாளத்தில் வைத்த வருடம், ஏரிக்குள் பையன்கள் பந்து விளையாடிய வறட்சி என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். வெள்ளத்தின் வருடம் வந்ததும், முத்திரை வைத்த விசாரணைப் பெட்டியை ஆணையர் திறந்து கொடுத்தார். அப்பாவின் பதிவேடு அதில் இருந்தது.

அந்த மாதத்துப் பக்கம் பிற்பாடு ஒட்டப்பட்டதாக இருந்தது. எழுத்து அச்சு அசலாக அப்பாவின் எழுத்து போலவே இருந்தது. ஆனால் போன் குறிப்புகள் எதுவும் இல்லை, முந்நூற்றுப் பன்னிரண்டும் பதினேழாம் தேதிக்கு நேரே இருந்தது. மழைமானிக்காரன் எவனும் அப்படி எழுத மாட்டான். காலை எட்டரைக்கு அளப்பது அதற்கு முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்து மழை. அதை அளந்த தேதியில்தான் எழுதுவான். பதினேழாம் தேதி மதியம் தொடங்கிய மழை பதினெட்டாம் தேதிக்கு நேரேதான் வரும். அணையின் கணக்கோ நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. பெய்த நாளில் எழுதுவது அணைக்காரர்களின் பழக்கம்.

அம்மாவிடம் சொன்னேன். இப்போதே போய் இன்ஜினியர் சட்டையைப் பிடிக்கிறேன் என்று குதித்தேன். அம்மா தையல் மெஷினை நிறுத்தினாள்.

"அவசரப்படாத. தப்பாத் தச்சதப் பிரிக்கிற மாதிரி ஒவ்வொரு நூலாப் பிரி. துணி கிழியக் கூடாது, ஆனா ஒரு தையல் கூட மிஞ்சக் கூடாது."

மறுநாள் அவர் வீட்டுக் கூடத்தில் கைகட்டி நின்றேன். பதிவேட்டுப் பக்கத்தை அப்படியே படமாகப் போடப்போகிறோம், உண்மையானது என்று நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்கும் என்றேன். மனிதர் குளிர்ந்துபோனார். 'மழைமானி பார்ப்பவர் தம் கைப்பட எழுதியதை அன்றே கண்டேன்' என்று நகலில் எழுதி, கையெழுத்தும் போட்டார். அந்த வாரத்தில் எடுத்த உங்கள் படம் ஏதாவது இருக்குமா என்றேன். ஆல்பத்தையே தூக்கி வந்தார். பள்ளி விளையாட்டு விழாவில் அவர் கொடியேற்றுகிற படம் ஒன்று இருந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ, பிள்ளைகளின் கால்களைச் சுற்றிப் புழுதி. பின்னால் அவர் கையெழுத்திலேயே தேதியும் நேரமும் இருந்தன: பதினேழு, காலை எட்டு மணி. முன்னும் பின்னும் சேர்த்தே போடுகிறேன் சார் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வெளியீட்டு விழாவில் நகராட்சி மண்டபம் நிரம்பியிருந்தது. அந்த நான்கு தெருக்காரர்களுக்கு நானே வீடு வீடாகப் போய் அழைப்பு வைத்திருந்தேன். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இன்ஜினியர் முக்கால் மணி நேரம் பேசினார். தொகுப்பாசிரியருக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். எனக்கு அதுவே அதிகம்.

"நூத்திப் பதினெட்டாம் பக்கத்தத் திறங்க. பதினேழாம் தேதிக்கு நேரா இருக்கிறது அன்னைக்குக் காலைல எட்டரைக்கு அளந்த மழை. அதாவது அதுக்கு முன்னாடியே பெஞ்சு முடிஞ்சது. அப்படின்னு சார் கையெழுத்துப் போட்டிருக்காரு. இப்ப எதிர்ப் பக்கத்தப் பாருங்க. எட்டரைக்கு அரை மணி நேரம் முந்தி சாரோட ஷூவப் பாருங்க. முந்நூத்திப் பன்னெண்டு மில்லிமீட்டர் பெஞ்ச ஊர்ல புழுதி பறக்குது. மழைமானி பாத்தவரு பதினெட்டுக்கு நேராத்தான் எழுதுவாரு, எங்கப்பா இதை எழுதல. இது அணைக்காரங்க எழுதுற முறை. நாலு போனையும் குறிச்ச பக்கத்தக் கிழிச்சிட்டு இத ஒட்டியிருக்காங்க."

முதலில் பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நான்காவது வரிசையில், வெள்ளத்தில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்த பெட்டிக்கடைக்காரர் எழுந்தார். மேடையையே பார்த்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். இன்ஜினியர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். எனக்குக் கொஞ்சமும் பரிதாபம் வரவில்லை. இனித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை அம்மாவின் மெஷின் மேல் ஐந்து துணிப்பொதிகள் இருந்தன. பெட்டிக்கடைக்காரர் மனைவி தானே கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றுவிட்டுப் போனாள். விசாரணையை மறுபடி திறக்கச் சொல்லி நான்கு தெருக்காரர்களும் மனு எழுதுகிறார்களாம். அப்போதுதான் போன் அடித்தது. இன்ஜினியர்தான், குரலில் பழைய விறைப்பு இல்லை.

"வாசல்ல கூட்டமா நிக்கிறாங்கம்மா. எனக்கு ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா?"

அம்மா மெஷினை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"எங்கப்பா நாலு தடவை சொன்னாரு சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.