நான் நீக்கிய கணக்குப் பாடம்

அக்காவுக்கு அன்று முழுநாள் தேர்வு. கல்லூரியில் அவளுடைய கணினி அறிவியல் படிப்பின் அடுத்த பருவத்துக்கான இணையப் பாடப்பதிவு அன்று மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும். கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்தாள்.

"லிஸ்ட்ல இருக்கிற ஆறையும் தட்டிவிடுடி. சந்தேகம்னா என் ஃப்ரெண்டுக்குப் போன் பண்ணு."

"எல்லாம் தெரியும், நீ கிளம்பு," என்றேன்.

ஐந்து பாடங்களைத் தட்டிவிட்டு ஆறாவதைத் தட்டியதும் திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. கணக்கும் வரைகலையும் ஒரே நேரத்தில் வருகின்றனவாம். ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டதே கணக்குக்குப் பயந்துதான். போன் செய்தால் அந்தத் தோழி, இதுகூடத் தெரியாதா என்று சிரிப்பாள். அக்காவுக்கு நல்லது செய்வதாக நினைத்துக் கணக்கை நீக்கிவிட்டேன்.

மறுநாள் அவளோடு துறை அலுவலகத்துக்குப் போனேன். பாட ஆலோசகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இந்தக் கணக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான்மா. இதை முடிக்காம அடுத்த நாலு பாடம் எடுக்க முடியாது. இப்போ இடமும் இல்லை. பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். கண்ணை மூடிக்கிட்டா தட்டினே?"

"அவசரத்துல தட்டிட்டேன் சார்," என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை.

என் காது மடல்கள் சுட்டன. "நான்தான் சார் கணக்கை நீக்கினேன்."

"நீ எந்த வருஷம் படிக்கிறே?"

அக்கா முந்திக்கொண்டாள். "அவ படிக்கலை சார். துணைக்கு வந்தா."

"அக்காவுக்காகப் பழியை ஏத்துக்கிறியா? நல்ல தங்கச்சி!" என்று அவர் சிரித்தார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.