சுரண்டிய எழுத்து

அன்று காலை ஹேங்கரில் இருந்தவர்கள்: அண்ணன், அண்ணி, புரோக்கர், வாங்குகிறவருக்காக விமானத்தை ஓட்டிப்போக வந்த பைலட், சுரண்டியும் கையுமாக ஒரு பெயிண்டர். யாரும் கூப்பிடாமல் வந்து நின்றவள் தங்கை.

விமானம் அண்ணன் தங்கை இருவர் பெயரிலும் பதிவானது. ஒற்றை இன்ஜின் டர்போபிராப், விசிறி சுழன்று பறக்கும் சின்ன விமானம். அதன் பூர்வீகத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதலில் ஒரு சுரங்க முதலாளியைச் சுமந்தது, அப்புறம் பாராசூட்டில் குதிக்கிறவர்களை. கடைசியில் கேட்பாரற்று வெயிலில் கிடந்தபோது இருவரும் வாங்கினார்கள். சீட்டுக்கடியிலிருந்த எலிக்கூட்டைப் பிடுங்கிப் போட்டவள் தங்கை. தீவுகளுக்கு மருந்து ஏற்றிப் போகிறவளும் அவள்தான். அது போனால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. அண்ணன் அதில் ஏறியது இரண்டு முறை. இரண்டு முறையும் வாந்தி.

இப்போது விமானத்தின் வால் மொட்டையாக இருந்தது. விமானத்துக்கு அடையாளமான பதிவெழுத்துகள் தரையில் சுருள் சுருளாகக் கிடந்தன.

"யாரைக் கேட்டு சுரண்டுனீங்க?"

"நான்தான் சொன்னேன்," என்றான் அண்ணன். "எழுத்து இருந்தா நீ இதைத் தூக்கிட்டுப் பறந்துடுவ. உன்னை எனக்குத் தெரியாதா?"

உண்மைதான். அதற்காகத்தான் பையை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"விட்டுக்குடும்மா," என்றாள் அண்ணி. "எத்தனை நாளைக்குத்தான் பறந்துகிட்டே இருப்ப?"

"உங்க வீட்டுக்காரர் எனக்குத் தெரியாம விக்கப் பாக்குறதை நிறுத்துற வரைக்கும் அண்ணி."

புரோக்கர் பேனாவை நீட்டினார். "ஒரே ஒரு கையெழுத்து மேடம். இங்க பதிவை ரத்து பண்ணாத்தான் வாங்குறவர் நாட்டுல புது எழுத்து குடுப்பாங்க. அண்ணன் போட்டுட்டாரு."

"போட மாட்டேன்."

"அவ கெடக்கா," என்று அண்ணன் பைலட்டின் பக்கம் திரும்பினான். "நீங்க எடுங்க சார்."

பைலட் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "எந்த எழுத்தைச் சொல்லி டவர்ல அனுமதி கேக்குறது?"

"பழசத்தான்."

"எங்க இருக்கு?"

அண்ணன் தரையைப் பார்த்தான். பெயிண்டர் வந்த சிரிப்பை இருமலாக மாற்றினான்.

"புதுசை எழுதச் சொல்லட்டுமா?"

"அது இன்னும் யாருக்கும் குடுக்காத எழுத்து சார். அதோட பறந்தா என் லைசென்ஸ் போயிடும்." பைலட் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். புரோக்கரும் பேனாவை மூடியபடி பின்னாலேயே போனார்.

"நல்லா இருக்கு உங்க புத்தி," என்று கணவனைப் பார்த்துச் சொல்லிவிட்டு அண்ணியும் காருக்கு நடந்தாள்.

அண்ணன் மட்டும் நின்றான். "இதுல பாதி என்னோடது, மறந்துடாத."

"இந்தா, ஒரு இறக்கை உனக்கு. கழட்டி எடுத்துட்டுப் போ. ஹேங்கர் என் பேர்ல இருக்கு, கிளம்பு."

"கோர்ட்டுல பாத்துக்கறேன்."

"நல்லா பாரு."

பெயிண்டர் டப்பாக்களைத் தூக்கினான். அவள் கைநீட்டித் தடுத்தாள். "நீங்க எங்க போறீங்க? பழைய எழுத்து ஞாபகம் இருக்கா?"

"இப்பத்தானேம்மா சுரண்டுனேன்."

"அப்ப எழுதுங்க."

வாசலைத் தாண்டிவிட்ட அண்ணன் அதைக் கேட்டுச் சட்டென்று திரும்பினான். அதற்குள் அவள் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுப் பூட்டிவிட்டாள்.