கோமாளி மீன்களுக்குப் பெரிய தொட்டி

என் கணவர் வெண்டெல் இரண்டு கோமாளி மீன்களுக்காகப் பரிதாபப்பட்டே எங்கள் ஹாலில் பாதியை எடுத்துக்கொண்டார். பழைய ஐம்பது கேலன் தொட்டியில் அவற்றுக்கு மூச்சு முட்டுகிறதாம். இருநூறு கேலன் தொட்டி, அலை எழுப்பும் பம்புகள், அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி, நீல விளக்கு என்று ஒவ்வொன்றையும் தேடித் தேடி வாங்கினார். உப்புத் தண்ணீர் பக்குவப்பட வேண்டும் என்று அமெரிக்காவில் எங்கள் ஊரான ஒமாஹாவின் குளிர்காலம் முழுக்க மீனே இல்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம்.

கடைசியில் மீன்களை விட்டார். அவை வழக்கமாக ஒண்டியிருக்கும், பூப்போல விரியும் உயிரினமான கடல் சாமந்தியை இடது மூலையில் வைத்திருந்தார். இரண்டும் நேராக அதற்குள் போய்ப் புகுந்துகொண்டன. ஒரு வாரமாகியும் அந்த மூலையை விட்டு நகரவில்லை.

"அலை ஜாஸ்தியா இருக்கோ," என்று பம்பைக் குறைத்தார். பிறகு விளக்கையும் குறைத்தார்.

"மகராசா, அதுங்களுக்கு அந்த மூலையே போதும். பெருசு உனக்குத்தான் வேண்டியிருந்துது," என்றேன், சமையலறை மேசையிலிருந்தபடியே.

"பசங்களுக்கு இடம் பத்தலன்னு ஒத்தக்கால்ல நின்னு இந்த வீட்ட வாங்க வெச்சது யாரு? பசங்க போயாச்சு. நாலு ரூம் சும்மா கிடக்கு. நீ அந்த மேசைய விட்டு எழுந்திரிக்கிறியா?"

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியை அவருக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் தொட்டியின் இடது மூலைக்கு எதிரே அவர் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். என்னுடையதையும் இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டேன். மீதித் தொட்டியில் அலை யாருக்காகவோ அடித்துக்கொண்டிருந்தது.